மூன்று மாத்திரைக்காரர்கள்

மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குத் தெருவின் ரத்த அழுத்தம் தெரியும். கே.கே. நகரில் முனுசாமி சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் என் கடை. சிவன் பூங்காவில் நடையை முடித்துவிட்டு வியர்வை காயாமல் வரும் ஓய்வுபெற்றவர்கள், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் தொழிலாளிகள், எம்.ஜி.ஆர். நகர், நெசப்பாக்கம் பக்கத்துப் பெண்கள், வடபழனியில் ஷூட்டிங் முடிந்து ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஓடிவரும் சினிமாத் தொழிலாளர்கள் என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டிருக்கும். இவர்களில் பலருடைய பெயர் எனக்கு மறந்துபோகும். மாத்திரை மறக்காது.

பிரஷர்காரர்களை மனதுக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆம்லோடிபினோ டெல்மிசார்டானோ ஒரே அட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் ஒரு மாத்திரைக்காரர். இரண்டையும் வாங்குகிறவர் இரண்டு மாத்திரைக்காரர். இவற்றோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் மூன்று மாத்திரைக்காரர். இவர்களிலும் சிலர், “இவ்வளவையும் முழுங்கிட்டுப் போய்ப் பாத்தா மேல நூத்தி அறுபது இருக்குப்பா” என்று என்னையே குற்றவாளியாக்கிப் பார்ப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்று வருகிறவர்களில் நிறையப் பேரிடம் பிரஷர் அடங்காததற்குக் காரணம் வெகு சாதாரணமானது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. கல்யாணம், திருப்பதி, ஊர்த் திருவிழா என்றால் மாத்திரைக்கும் விடுமுறை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறைவதில்லை. மூட்டுவலிக்கு என்னிடமே வந்து டைக்ளோஃபெனாக் கேட்பார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும் என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று தூங்குகிறவர்கள் உண்டு, சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்த பிறகும் இறங்காத பிரஷர் என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் அட்ரீனல் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் அண்ணீரகச் சுரப்பி என்று படித்திருப்போம். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஆளுக்கொரு குல்லா வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும். ஒன்றின் எடை நாலைந்து கிராம். அதன் வெளிப்புறத்தில் உப்பைக் கவனித்துக்கொள்ளும் ஆல்டோஸ்டிரோனும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலும் சுரக்கின்றன. உள்புறத்தில் அட்ரீனலினும் நார் அட்ரீனலினும். இந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வந்து, அந்தக் கட்டி கேட்பாரில்லாமல் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்தால் அடி விழுவது இதயத்தின் மீது. கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பட்டாணி அளவில்கூட இருக்கும். ஆனால் நோயாளி போய் நிற்பது இதய டாக்டர் வாசலில். அவரும் இதயத்தைத்தானே பார்ப்பார்?

எனக்கு இந்தச் சுரப்பியின் மேல் கவனம் வந்ததற்கு ஒரு சீட்டு காரணம். லைட்மேன் வேலை பார்க்கும் தம்பி, நாற்பது வயதுகூட இராது. அவர் நீட்டிய சீட்டில் பிரசோசின் இருந்தது. அது வழக்கமாகச் சிறுநீரக நோயாளிகளும் புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களும் வாங்குகிற மருந்து. இந்த வயதுக்கு எதற்கு என்று யோசிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

“அண்ணே, பி.பி.ன்னா உப்பக் கொறைக்கத்தான சொல்லுவாங்க? இவரு உப்பு நெறைய சேத்துக்கோ, தண்ணி நெறைய குடின்னு எழுதியிருக்காரு. தப்பா எழுதிட்டாரா?”

தப்பாக எழுதவில்லை. சீட்டின் மேல்மூலையில் நோயின் பெயரும் இருந்தது: ஃபியோக்ரோமோசைட்டோமா. அட்ரீனலின் உள்புறத்திலிருந்து கிளம்பும் கட்டி. டிப்ளமோ படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர். கடையில் அதை ஒரு மனிதர் கையில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

அவருடைய கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி வரும். சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். முகம் வெளுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, ஒன்றும் நடக்காதவர் மாதிரி ஆகிவிடுவார். செட்டில் இருந்தவர்கள் பயந்த சுபாவம் என்றார்கள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு டாக்டர் பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார். பிரஷர் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒருநாள் 130, இன்னொரு நாள் 200. கடைசியில் ஒரு நாள் நெஞ்சுவலி என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈ.சி.ஜி.யில் மாற்றம், ரத்தத்தில் டிரோபோனின் ஏறியிருந்தது. மாரடைப்பு என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆஞ்சியோ செய்தால் ரத்தக்குழாயில் ஒரு அடைப்பும் இல்லை. எக்கோவில் மட்டும் இதயம் தளர்ந்து, பாதி பலத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

நம் ஊரில் ‘ஆஞ்சியோ கிளீன்’ என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அடைப்பே இல்லை என்றால் இதயம் ஏன் இப்படித் தளர்ந்தது என்று ஒரு பயிற்சி டாக்டர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வருகிறதா என்றும் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான் அவரை வயிற்று ஸ்கேனுக்குக் கொண்டுபோனது.

இதயத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அட்ரீனலினும் நார் அட்ரீனலினும் ஆபத்து நேரத்துக்கென்று உடம்பு வைத்திருக்கும் மருந்துகள். நாய் துரத்தும்போது சில நிமிடம் வேண்டும். அதே அட்ரீனலினை ஆஸ்பத்திரியில் உயிர் காக்க ஊசியாகப் போடுகிறார்கள். இந்தக் கட்டி அதை நினைத்த நேரத்தில், கணக்கில்லாமல் கொட்டுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகிப் பிரஷர் எகிறுகிறது. இதயம் அந்த அழுத்தத்துக்கு எதிராக வேகவேகமாக அடிக்கிறது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களும் சுருங்குகின்றன. இது போதாதென்று, அளவு மீறிய இந்த ஹார்மோன் இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியத்தை நிரப்பி, தசையையே நேரடியாகக் கெடுக்கிறது. அதனால்தான் அடைப்பு இல்லாமலே மாரடைப்பின் எல்லா அடையாளமும் தெரிகிறது. சிலருக்குத் துடிப்பின் தாளம் கெட்டு மயக்கம். சிலருக்கு நுரையீரலில் நீர். இன்னும் சிலருக்குப் பிரஷர் ஏறுவதற்குப் பதில் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். அப்போது இப்படியொரு கட்டி இருக்கலாம் என்ற சந்தேகமே யாருக்கும் வராது.

இதில் என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. படபடப்பு என்று வருகிறவருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பீட்டா பிளாக்கர் மாத்திரை. புரோப்ரானலால், மெட்டோப்ரலால் வகை. இந்தக் கட்டி உள்ளவருக்கு அதை முதலில் கொடுத்தால் ஆபத்து. ரத்தக்குழாயை விரிக்கும் வழியை அது அடைத்துவிடும், சுருக்கும் வழி திறந்தே இருக்கும். பிரஷர் இன்னும் ஏறும். அதனால் முதலில் பிரசோசின் மாதிரி ஆல்ஃபா பிளாக்கர். குழாய்கள் தளர்ந்த பிறகுதான், தேவைப்பட்டால், பீட்டா பிளாக்கர். வரிசை மாறக் கூடாது. உப்பும் தண்ணீரும் இதற்காகத்தான்: மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த குழாய்களுக்குள் ரத்தத்தின் அளவே சுருங்கிப் போயிருக்கும். குழாயை விரித்துவிட்டு உள்ளே நிரப்பாமல் விட்டால் எழுந்து நிற்கும்போதே ஆள் சாய்ந்துவிடுவார். தம்பியிடம், “தப்பு இல்லப்பா, இந்த ஒரு பி.பி.க்கு மட்டும் உப்பு மருந்து. மொத மாத்திரைய ராத்திரி படுக்கும்போது போடு, காலைல கட்டில்லேர்ந்து மெதுவா எழுந்திரு” என்று சொல்லி அனுப்பினேன்.

சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்குகிற சில சாமான்களும் இந்தக் கட்டியைக் கிளப்பிவிடும். சளிக்கு என்று கேட்கும் மாத்திரைகளில் பலவற்றில் மூக்கடைப்பைத் திறக்க ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு, டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வாந்தி ஊசி போட்டவுடன் பிரஷர் 220 ஆனது என்றால் ஊசியைத் திட்டுவதோடு நிற்காமல் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அது ஒரு துப்பு.

இந்த நோய் அபூர்வம்தான். பிரஷர் உள்ள ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. உலகத்தின் பெரிய நாற்காலியில் இருந்தவருக்கும் வந்திருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1955 செப்டம்பரில் டென்வர் நகரில் நாள் முழுக்க கோல்ஃப் ஆடிவிட்டு, நடுவில் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டார். வயிறு சரியில்லை, வெங்காயம்தான் காரணம் என்று நினைத்தார். அன்று இரவு மாரடைப்பு. (நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று சொல்லி என்னிடம் சோடா உப்புப் பாக்கெட் கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது உண்டு.) பிறகும் பலமுறை மாரடைப்பு வந்து 1969 மார்ச் 28 அன்று 78ஆம் வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அட்ரீனலில் ஒன்றரை சென்டிமீட்டர் ஃபியோக்ரோமோசைட்டோமா இருந்தது. ஏறி இறங்கும் அவருடைய பிரஷருக்கும் தலைவலிக்கும் பேர்போன முன்கோபத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாமே என்று 2007இல் இதய மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் நாளுக்கு நான்கு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். பழியை முழுக்கக் கட்டியின் தலையில் போட முடியாது.

அவருக்கும் முன்னால், 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபர்கில் மின்னா ரோல் என்ற பதினெட்டு வயதுப் பெண் படபடப்பும் தலைவலியும் வாந்தியுமாக வந்து இறந்துபோனாள். ஃபெலிக்ஸ் ஃபிரேங்கல் என்ற டாக்டர் அவள் உடலைப் பரிசோதித்து, இரண்டு அட்ரீனலிலும் கட்டி இருந்ததை எழுதி வைத்தார். அட்ரீனலின் என்ற பொருளையே ஜோக்கிச்சி டாகமினே 1901இல்தான் பிரித்தெடுத்தார். ஆகவே அந்தக் கட்டி என்ன செய்தது என்று ஃபிரேங்கலுக்குப் புரிந்திருக்க வழியில்லை. 121 வருடம் கழித்து, 2007இல், அதே ஊர் ஆராய்ச்சியாளர்கள் மின்னாவின் குடும்ப வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மரபணுக் கோளாறு ஒன்று குடும்பத்தில் இறங்கி வந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது காரணம் பரம்பரை என்று இன்று தெரியும். அதனால் ஒருவருக்கு வந்தால் அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் பார்க்கச் சொல்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கான மரபணுப் பரிசோதனை நடக்கிறது.

ஃபியோக்ரோமோசைட்டோமாவின் கதை ஒரு துப்பறியும் கதைக்குண்டான திருப்பங்களோடு இருப்பதால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் நம் தெருவுக்கு முக்கியமானது அது அல்ல. பிரஷர் உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேர், மூன்று மாத்திரைக்காரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்று சொல்லப்படுவது இன்னொரு நோய்: ஆல்டோஸ்டிரோன் மிகுதி. இது படபடப்பு காட்டாது, முகம் வெளுக்காது. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இதயத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

எம்.ஜி.ஆர். நகரிலிருந்து ஓர் அம்மா வருவார். பிரஷர் மாத்திரைகளோடு பொட்டாசியம் சிரப்பும் வாங்குவார். அதன் சுவைக்கு என்னைத் திட்டாத மாதம் கிடையாது. “கால்ல சத்தே இல்லப்பா. பஸ் படி ஏர்றதுக்கே கைய ஊன வேண்டியிருக்கு” என்பார். வயசு, சுகர், தைராய்டு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பொட்டாசியம் ஏன் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. 3.5க்குக் கீழே இறங்கினால் தசை தளரும், கெண்டைக்கால் இழுக்கும்; இதயத்தின் தாளமும் தப்பும். சிரப்பால் பொட்டாசியத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால், இன்னொரு பக்கம் ஆல்டோஸ்டிரோன் அதைச் சிறுநீர் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பையும் நீரையும் மட்டும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெரோம் கான், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர். இரண்டாம் உலகப் போரின்போது வெப்ப நாடுகளுக்குப் போகும் சிப்பாய்களின் உடம்பு புழுக்கத்துக்கு எப்படிப் பழகுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழகிய உடம்பின் வியர்வையில் உப்பு குறைந்துபோவதைக் கண்டார். சித்திரை மாதத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடக்கும் நம் உடம்பு அன்றாடம் செய்கிற வேலைதான். 1954இல் முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். ஏழு வருடமாகக் காலில் பலமில்லை, தசை இழுப்பு, பிரஷர் 176/104. அவர் வியர்வையில் உப்பு மிகக் குறைவாக இருந்தது. அவரோ குளிர்ப் பிரதேசத்துக்காரர். அந்த வேலையை அங்கே செய்வது யார்? முந்தைய வருடம்தான் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்திருந்தார்கள். கட்டி இருக்கும் என்று கான் ஊகித்தார். 1954 டிசம்பரில் அறுவை சிகிச்சை நடந்தபோது அட்ரீனலில் கட்டி இருந்தது. எடுத்ததும் அந்தப் பெண் தேறினார். ஸ்கேன் இல்லாத காலத்தில் வியர்வையை வைத்தே பிடித்தார்!

அன்றிலிருந்து நெடுங்காலம், பொட்டாசியம் குறைந்தால்தான் இந்த நோய் என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இப்போது பார்த்தால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கிறது. அதாவது, எம்.ஜி.ஆர். நகர் அம்மாவுக்காவது கால் சொல்லிற்று. மற்றவர்களுக்கு ஒன்றுமே சொல்லாது.

இதயத்துக்கு வருகிற கேடு பிரஷரால் மட்டும் வந்தால்கூடப் பரவாயில்லை என்று விடலாம். ஆல்டோஸ்டிரோன் இதயத் தசையைத் தடிக்க வைக்கிறது, தசைக்கு நடுவில் நார் படிய வைக்கிறது. இதயம் இறுகிப்போகிறது. 2018இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றில் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் பிரஷர் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், ஆல்டோஸ்டிரோன் மிகுதி உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மூன்றரை மடங்கு, பக்கவாதம் இரண்டரை மடங்கு, இதயச் செயலிழப்பு இரண்டு மடங்கு. இரண்டு பேருக்கும் பிரஷர் மிஷினில் ஒரே எண் இருந்தாலும், உள்ளே நடப்பது ஒன்றல்ல.

சென்னையில் கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023இல் வந்தது. பெரியவர்களில் நூற்றுக்கு 35.5 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். ஏறக்குறைய 31 கோடிப் பேர். அதில் நூற்றுக்கு ஐந்து என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஒன்றரைக் கோடி. இவர்களில் எத்தனை பேருக்கு ஆல்டோஸ்டிரோன் மிகுதியைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை எழுதப்படுகிறது? எனக்கு வரும் சீட்டுக் கட்டுகளில் ரிப்போர்ட்டும் சேர்ந்தே வரும். சுகர், கொழுப்பு, கிரியாட்டினின், தைராய்டு எல்லாம் இருக்கும். ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனின் என்ற இரண்டு வரியைப் பார்ப்பது அபூர்வம். 2025இல் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், உயர் ரத்த அழுத்தம் உள்ள எல்லாருக்கும் ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லாருக்கும் என்பது நம் ஊர்ச் செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் மூன்று மாத்திரைக்காரர்களுக்கும், நாற்பதுக்குள் பிரஷர் வந்தவர்களுக்கும், பொட்டாசியம் இறங்குகிறவர்களுக்கும், காரணம் தெரியாமல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களுக்கும் செய்யாமல் விடுவது சரியில்லை. சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. ஒருமுறை.

இந்த இடத்தில் நாட்டு மருந்துக் கடையையும் இழுக்க வேண்டியிருக்கிறது. தொண்டைக் கட்டுக்கு நாம் வாயில் போடும் அதிமதுரம் நல்ல மருந்துதான். ஆனால் தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ மாதக்கணக்கில் சாப்பிட்டால், ஆல்டோஸ்டிரோன் கட்டி செய்கிற வேலையை அதுவும் அப்படியே செய்யும்: பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கட்டியைத் தேடுமுன் டாக்டர் இதைக் கேட்பார். இயற்கை மருந்து என்பதால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது ஹார்மோன் கார்ட்டிசால். அது அதிகமாகச் சுரந்தால் முகம் வட்டமாகும், வயிறு பெருத்துக் கைகால் மெலியும், வயிற்றில் ஊதாக் கோடுகள் விழும், சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து ஏறும். இந்தத் தோற்றத்தை நான் கடையில் பார்த்தபோதெல்லாம் காரணம் கட்டியாக இருந்ததில்லை. உடம்பு தேற வேண்டும் என்றோ, இளைப்புக்கு என்றோ, யாரோ சொன்னார்கள் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டவர்கள். அதைச் சீட்டில்லாமல் கொடுத்தது எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவராகத்தான் இருக்கும். வேறென்ன சொல்ல.

பரிசோதனைகள் பற்றி இரண்டு வார்த்தை. ஆல்டோஸ்டிரோனுக்கும் ரெனினுக்கும் காலையில், எழுந்து நடமாடிச் சில மணி நேரம் கழித்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முடிவு பொய் சொல்லும். ஃபியோக்ரோமோசைட்டோமாவுக்கு மெட்டாநெஃப்ரின் என்று ஒரு பரிசோதனை; ரத்தத்தில் பார்ப்பதானால் படுக்க வைத்து எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் 24 மணி நேரச் சிறுநீர். லேப்பில் கொடுக்கும் கேனுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் ஆசிட் இருக்கும். ஏதோ அழுக்குத் தண்ணீர் என்று அதைக் கொட்டிக் கழுவி எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. லேப்பில் சிலர் செய்யும் முறையில் பாராசிட்டமால்கூடக் குழப்பம் உண்டாக்கும். தலைவலிக்காரர் பாராசிட்டமால் போடாமல் இருப்பாரா? போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் சந்தேகத்தை உறுதி செய்த பிறகுதான் சி.டி. ஸ்கேன். இந்த வரிசையும் முக்கியம். கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போய் அட்ரீனலில் ஒரு கட்டி தெரிகிறவர்கள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவை எதையும் சுரக்காதவை, சும்மா இருப்பவை. அப்படி எதேச்சையாகத் தெரிந்தாலும் ஹார்மோன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. சுரக்கும் கட்டி என்று தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து, கட்டியைக் கையால் தொட்டவுடன் பிரஷர் வெடித்த கதைகள் மருத்துவ வரலாற்றில் ஏராளம். 1926இல் ஸ்விட்சர்லாந்தில் செசார் ரூவும், அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இந்தக் கட்டியை வெற்றிகரமாக எடுத்தார்கள். மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரி. உள்ளே இருப்பது என்ன கட்டி என்று தெரியாமலே திறந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். இன்று ஆல்ஃபா பிளாக்கரில் ஒன்று இரண்டு வாரம் பதப்படுத்திவிட்டு, சிறு துளைகள் வழியே எடுத்துவிடுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில், அதாவது சென்ட்ரல் எதிரே நாம் ஜி.எச். என்று சொல்லும் இடத்தில், நாளமில்லாச் சுரப்பி அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இது எந்த சர்ஜனும் செய்கிற சாதாரண வயிற்று ஆபரேஷன் அல்ல. கட்டியை எடுத்த நிமிடத்தில் பிரஷர் சரியும், சர்க்கரை இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த மயக்க மருந்து டாக்டரும் வேண்டும்.

ஆல்டோஸ்டிரோன் விஷயத்தில் கட்டி ஒரு பக்கம் இருந்தால் அறுவை சிகிச்சை, இரண்டு பக்கமும் சுரந்தால் மாத்திரை. எந்தப் பக்கம் என்று உறுதி செய்ய இரண்டு அட்ரீனலின் ரத்தக்குழாயிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுக்கும் நுட்பமான பரிசோதனை உண்டு. எம்.ஜி.ஆர். நகர் அம்மாவுக்கு இரண்டு பக்கமும். ஸ்பைரனோலாக்டோன் ஆரம்பித்தார்கள். சிரப் நின்றது, பழைய மாத்திரைகளில் இரண்டு குறைந்தன. இப்போது திட்டுவதற்குக் காரணமில்லாமல் சில்லறைக்காகத் திட்டுகிறார். இந்த மாத்திரையில் ஆண்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: மார்பு வீங்கி வலிக்கலாம். கூட்டம் குறைந்த பிறகு வந்து காதோடு கேட்பார்கள். டாக்டரிடம் சொன்னால் எப்லெரினோன் என்று மாற்று இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு.

எதையும் மிகைப்படுத்த வேண்டாம். ஆல்டோஸ்டிரோன் கட்டியை எடுத்தவர்களைப் பல நாடுகளில் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் கோளாறு நூற்றுக்கு 94 பேருக்குச் சரியாகியிருந்தது. ஆனால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர்கள் 37 பேர்தான். இன்னொரு 47 பேருக்கு மாத்திரை குறைந்தது அல்லது பிரஷர் இறங்கியது. இளையவர்களுக்கும் பெண்களுக்கும் பலன் அதிகம். வருடக்கணக்கில் இறுகிப்போன ரத்தக்குழாய் ஒரு ஆபரேஷனில் இளகிவிடாது. சீக்கிரம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஃபியோக்ரோமோசைட்டோமாவில் இதயம் மீள்வது இன்னும் நல்ல செய்தி. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியை எடுத்த சில மாதங்களுக்குள் தடித்திருந்த இதயம் குறைந்து, தளர்ந்திருந்த இதயம் தேறியதை எக்கோவில் அளந்து காட்டினார்கள். அடைப்பால் செத்துப்போன இதயத் தசை திரும்பி வராது; ஹார்மோனால் மயங்கிக் கிடந்த தசை பெரும்பாலும் வந்துவிடுகிறது. லைட்மேன் தம்பியின் எக்கோவும் அப்படித்தான் தேறியது. கிரேன் ஏறுகிற வேலைக்குத் திரும்பிவிட்டார். கட்டி மறுபடி வரலாம் என்பதால் வருடாவருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகிறாரா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மூன்று மாத்திரைக்காரர் என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பழைய ஈ.சி.ஜி., எக்கோ, பொட்டாசியம் எழுதிய ரிப்போர்ட், இப்போது போடும் எல்லா மாத்திரையும் கஷாயமும் எழுதிய தாள் இவற்றை ஒரே கவரில் கொண்டுபோங்கள். “எனக்கு ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் ஒருதடவை பார்த்துடலாமா சார்?” என்று கேளுங்கள். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து போகிறது என்றால் மெட்டாநெஃப்ரினையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பரிசோதனைக்காக எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானும் அல்ல.